அடியில்லாத அண்டாவும் நாற்பது மார்க் மண்ணும்

மண்ணில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எப்போது உள்ளே போகும் என்று குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று உண்டு. அதில்தான் நான் இருக்கிறேன்.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சின்ன மண் பரிசோதனை ஆபீஸ். ப்ளஸ் டூ வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, மண் சலிக்க ஆள் வேண்டும் என்றதும் போய்ச் சேர்ந்தேன். சலித்துச் சலித்தே வெளிவேலைக்குப் போகிற ஆளாகிவிட்டேன். புதிதாக ஒரு மில்லோ மண்டபமோ கட்டினால், கூரையிலும் தளத்திலும் விழுகிற மழையை அடுத்தவர் வாசலுக்குத் தள்ளிவிடக் கூடாது, தன் இடத்திலேயே மண்ணுக்குள் இறக்க வேண்டும். சின்ன இடமென்றால் உறிஞ்சுகுழி, பெரிய இடமென்றால் உறிஞ்சுகுட்டை. குட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு எண் முடிவு செய்யும். இந்த மண் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரைக் குடிக்கும்? இன்றைக்கு மட்டுமல்ல, பத்து வருஷம் கழித்தும் குடிக்குமா? அந்த எண்ணைக் கொண்டுவருவதுதான் என் வேலை.

மழை பெய்ததும் வாசலில் செங்கல் போட்டு, அதன்மேல் கால் வைத்து வீட்டுக்குள் போனவரா நீங்கள்? அப்படியென்றால் நாமெல்லாம் ஒரே கட்சி. அந்தச் செங்கலுக்குப் பின்னால் எங்கேயோ ஒருத்தி தப்பான எண்ணை எழுதியிருப்பாள். சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அந்த ஒருத்தி நான்தான். என் நாலு வயதுப் பையன் கவின் உட்காருகிற அங்கன்வாடிக்குள் தண்ணீர் வருமா, வராதா என்பது நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் இருந்தது. சொல்கிறேன், சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் சில இடங்களில் வந்தது.

அடியில்லாத அண்டா

எங்கள் ஆயுதம் இரண்டு இரும்பு வளையங்கள். பெரியதுக்குள் சின்னது. இரண்டுக்கும் மூடியும் இல்லை, அடியும் இல்லை. அதைச் செய்தவர் சாதிக் பாய். உக்கடத்தில் பட்டறை வைத்திருந்தவர், இப்போது எங்கள் ஆபீசுக்கு வண்டியும் ஓட்டுகிறார், வளையத்தையும் மண்ணில் அடித்து இறக்குகிறார். இறக்கியதும் இரண்டிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளி வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஓடித் தொலையும். உள் வளையத்துத் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். உள்ளே ஸ்கேலை வைத்து, எவ்வளவு இறங்கியது என்று நான் எழுத வேண்டும்.

முதலில் சரசரவென்று இறங்கும். அதை நம்பக் கூடாது. கல்யாண வீட்டில் பசியோடு வந்தவன் முதல் இலையில் சாப்பிடுகிற வேகத்தை வைத்து மூன்று வேளைக்கும் அரிசி போடுவோமா? அடுத்தடுத்த அளவுகள் ஒன்றுபோல வரும்வரை உட்கார வேண்டும். சில மண்ணில் அரை நாள், சில மண்ணில் முழு நாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் பின்னால் நான் தனியாகப் பார்த்த முதல் வேலை. செம்மண், நன்றாகக் குடித்தது. கம்பெனிக் கேன்டீன் அக்கா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாலாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டு வளையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து எட்டிப் பார்த்தார். என் நோட்டைப் பார்த்தார். அப்புறம் ரொம்பவும் பரிவாகக் கேட்டார்: “ஏனுங் அம்மணி, அடியில்லாத அண்டாவுல தண்ணி ஊத்தறதுக்கா உங்கூட்டுல இத்தன வருசம் படிக்க வெச்சாங்க?”

மொழுகிய குழி

பவானிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை, தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற சின்ன வீடு. அந்த இடத்தில் அரிசி ஆலை கட்டப் போகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் பொழுதோட இரண்டடிக் குழி தோண்டி, தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் போனால் குழியின் அடி பலகைபோல மட்டமாக இருந்தது. பாய்தான் போகும்போது மட்டம் செய்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான்தான் செய்தேன் என்று பாய் நினைத்தார். ரெண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வளையத்தை இறக்கித் தண்ணீர் ஊற்றினோம். சாளைக்காரம்மா நாங்கள் உட்காரக் கோடு போட்ட ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். புத்தம்புதுசு, மண்காலோடு அதில் உட்காரக் கூச்சமாக இருந்தது. ஒரு மணி நேரம், ஸ்கேலில் தண்ணீர் அசையவில்லை. இரண்டு மணி நேரம், அசையவில்லை. நாலு மணி நேரம் கழித்து எங்கள் இன்ஜினியர் சார் போனில், “ஸ்கேலத் தலகீழா வெச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்து ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அப்போது சாளைக்காரம்மா மோர் கொண்டுவந்தார். குழியைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “குழி வெறும் மண்ணாக் கெடந்துச்சுங்க. டவுன்ல இருந்து ஆபீசருங்க வந்து பாக்கற எடமாச்சேன்னு, விடியக் கருக்கல்லயே சாணி கரைச்சு நல்லாக் கெட்டியா மொழுகி உட்டனுங்க. ஒரு சொட்டுக் கீழ போகாது பாருங்க!”

தாகம்

எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. கட்டியவர் நாலு தறிக்கூடத்துக்குச் சொந்தக்காரர். ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். என் வீட்டுக்காரர் தறி ஓட்டுவதும் அவர் கூடத்தில்தான். நல்ல மனுஷர், வாங்க போங்க இல்லாமல் சின்னக் குழந்தையிடம்கூடப் பேச மாட்டார். மண்டபம் மேட்டில். அதன் குட்டைக்கு விட்ட இடம் சரிவின் அடியில். குட்டையின் ஒரு பக்கம் மண்டபத்து வண்டி நிறுத்தும் தளம். மறுபக்கம் வேலியைத் தாண்டினால் தாழ்வான இடத்தில் அங்கன்வாடி. அதற்குள் கவின். அவனோடு இன்னும் பதினெட்டுக் குழந்தைகள்.

சித்திரை மாதம். அந்த இடமெல்லாம் கரிசல். வெயிலில் வெடித்து, என் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிற பிளவுகள். இப்படிப்பட்ட மண்ணை முதலில் ஊறவைக்க வேண்டும். ஊறினால் மண் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். அப்புறம்தான் அதன் சுயரூபம் தெரியும். ஆனால் ஊரே குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கிறபோது, மண்ணை ஊறவைக்க ஒரு லாரி என்று எந்த வாயால் கேட்பது? இரண்டு டிரம் கிடைத்தது. முதல் குடம் ஊற்றியதும் சலக்கென்று காணாமல் போனது. முதலாளி அதைப் போனில் படம் எடுத்தார். பொழுது ஏற ஏற வேகம் குறைந்தது. ஒவ்வொரு அளவும் முந்தியதைவிடக் கம்மி. இன்னும் மூன்று நாலு மணி நேரம் உட்கார்ந்தால் அளவு எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

மத்தியானம் டிரம் காலியானது. அதே நேரம் அங்கன்வாடி டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினார். கவினுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. நான் கடைசியாக வந்த அளவை எழுதினேன்: மணிக்கு நாற்பது மில்லிமீட்டர். கீழே கையெழுத்துப் போட்டேன். வேலியைத் தாண்டி ஓடினேன். ஓடும்போது மனசுக்குள் ஒரு கணக்கு: பரவாயில்லை, எப்படியும் சார் இதை நாலால் வகுப்பார். எனக்குப் பின்னால் முதலாளி பாயிடம் சொல்வது கேட்டது: “எங்க மண்ணு தாகத்துல கெடக்குதுங்க பாய், எத்தன குடுத்தாலும் குடிச்சுப்போடும்.”

நாற்பது மார்க்

ஏன் வகுக்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சாணிக் குழிதான். நகக்கனம் மொழுகல், ஒரு குழியையே அடைத்துவிட்டது. மழைத்தண்ணீர் தனியாக வராது, புழுதியையும் சேற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அந்தச் சேறு வருஷாவருஷம் குட்டையின் அடியை மொழுகிவிட்டுப் போகும். யாரும் வாரப் போவதில்லை. அதனால் இன்று அளந்ததை அப்படியே நம்பாமல் வகுத்து, சின்ன எண்ணாக்கி, அதற்குக் குட்டையைப் பெரிதாகத் தோண்டச் சொல்வோம். கரிசலுக்கு எங்கள் சார் நாலால் வகுப்பார். நாற்பது, பத்தாகும்.

முதலாளி ஆபீசுக்கு வந்தார். வகுத்தால் குட்டை வண்டித் தளத்தில் பாதியைத் தின்றுவிடும். வண்டி நிறுத்த இடமில்லாத மண்டபத்தை எவன் புக் செய்வான்? அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது: “உங்க ஆபீஸ் பொண்ணு காலைல இருந்து வெயில்ல உக்காந்து அளந்துச்சு, நானே கண்ணால பாத்தேன். அளந்தது நெசமா, பொய்யா?” சார் என்னைப் பார்த்தார். “என்னம்மா, கடைசி வரைக்கும் பாத்தியல்ல? அளவு நின்னுதா?”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நிற்கவில்லை சார், பாதியில் ஓடிவிட்டேன் என்று ஒரு வரி. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வகுப்பார் என்று நான் பாதியில் விட்டேன். நான் முழுசாகப் பார்த்துவிட்டேன் என்று அவர் வகுக்காமல் விட்டார். மட்டமாக இருந்த குழியைப் பார்த்து நானும் பாயும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்ட அதே கதை. சார் கடைசியாக ஒருமுறை, “பத்து வருசம் கழிச்சு இந்த மண்ணு இப்படிக் குடிக்காதுங்க” என்று முனகிப் பார்த்தார். அதற்கு முதலாளி சொன்ன பதிலுக்கு ஆபீசே சிரித்தது, நானும்தான் சிரித்தேன்: “பரிச்சைல நாப்பது எடுத்த பையனுக்கு, பின்னால மறந்துபோடுவான்னு இன்னிக்கே பத்து மார்க் போடுவீங்களா சார்?”

மூன்று மணி நேரம்

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டபத்து வேலை மளமளவென்று நடந்தது. தினமும் கவினைக் கொண்டுபோய் விடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் குட்டையைப் பார்ப்பேன். நாற்பதுக்குத் தோண்டிய குட்டை. எங்கள் வீட்டுத் தண்ணித்தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது என்று எனக்குத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை, ஆனால் தோன்றும்.

வைகாசிக் கடைசியில் நல்ல மழை இரண்டு பெய்தது. வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதிக் பாயிடம் கெஞ்சி, வளையத்தோடு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் வந்தார். அங்கன்வாடி வாசலிலேயே இறக்கினோம். அதே மண், அதே கரிசல். தண்ணீர் ஊற்றி உட்கார்ந்தோம். கவின் ஒரு வேப்பிலையை உள் வளையத்தில் மிதக்கவிட்டு, அது கீழே போகிறதா என்று குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தான். ஒரு மணி நேரத்தில் ஸ்கேலில் ஒரு கோடு, ஒரே ஒரு மில்லிமீட்டர். இரண்டாவது மணியில் ஒரு கோடுகூட முழுசாக இல்லை. வேப்பிலை இருந்த இடத்திலேயே இருந்தது. கவின், “அம்மா, தண்ணி தூங்கிருச்சு” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

பாய்க்கு அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குனிந்து வளையத்தின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். மூன்றாவது மணியும் ஆனது. மெதுவாகச் சொன்னார்: “தெரியாத்தனமா இந்த அண்டாவுக்கு அடி வெச்சுச் செஞ்சுட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு தங்கச்சி.”

எந்த அம்மணி

திங்கட்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். “வகுத்திருக்கோணும், என் தப்புதான்” என்றார். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட அந்த வார்த்தை அளவுக்கு வலித்திருக்காது. இரண்டு பேரும் புது அறிக்கையைத் தூக்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனோம்.

காபி வந்தது, முறுக்கு வந்தது. குட்டையின் கரைக்குக் கல் பதித்து, வண்டித் தளமும் போட்டு முடிந்திருந்தது. ஆவணியில் அவர் மகள் கல்யாணம்தான் மண்டபத்தின் முதல் முகூர்த்தம். பத்திரிகை அச்சாகி வந்து மேஜைமேல் இருந்தது. அதில் எங்களுக்கும் ஒன்று கொடுத்தார். நான் மில்லிமீட்டர் பற்றிப் பேசினேன். குழந்தைகள் பற்றிப் பேசினேன். அவர் முழுசும் கேட்டார். அலட்சியம் செய்தார் என்று சொல்ல மாட்டேன். குட்டை நிறையும் என்கிறீர்களா, சரி, ஒரு ஏற்பாடு செய்கிறேன் என்றார். செய்தும்விட்டார். கல்யாணத்துக்கு வருகிற ஒறம்பரை வண்டிகள் நனையக் கூடாதே என்று தளத்துப் பக்கம் கரையை ஓரடி உயர்த்தினார். அந்தப் பக்கம் உயர்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். நான் போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் பாதித் தண்ணீர் கார்களுக்கடியிலாவது போயிருக்கும்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். கோபமே இல்லாமல், நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: “போகும்னு கையெழுத்துப் போட்டதும் நீங்கதான், போகாதுன்னு சொல்றதும் நீங்கதான். நான் எந்த அம்மணியைங்க நம்பறது?”

வெள்ளைக்கோடு

இனி என்ன செய்வது? பஞ்சாயத்தில் மனு கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கன்வாடியை இடம் மாற்றச் சொல்லி எழுதினேன். அதுவும் எங்கேயோ பத்திரமாக இருக்கும். கடைசியில் என் கைக்கு எட்டியதைச் செய்தேன். குட்டையின் உள்பக்கக் கல்லில், கரைக்கு இரண்டடி கீழே, வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். டீச்சரிடமும் ஆயாவிடமும் சொன்னேன்: மழை பெய்யும்போது வேலிக்குப் போய் எட்டிப் பாருங்கள், தண்ணீர் கோட்டைத் தொட்டால் எதையும் யோசிக்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். ஆயா சிரித்தார், ஆனால் சரியென்றார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் இன்னொரு கம்பெனியில் வளையத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வானம் எங்கள் ஊர்ப் பக்கமாகக் கறுத்தது. அளவு நிற்க இன்னும் ஒரு மணி நேரம். இந்தத் தடவை ஓடவில்லை. பாயின் வண்டியில் ஓடினாலும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்கேலைப் பார்க்கிறேன், போனைப் பார்க்கிறேன். எழுதுகிற எண் கண்ணில் தெரியவில்லை. பாய்தான் என் கையிலிருந்து நோட்டை வாங்கி மீதியை எழுதினார். முடித்ததும் வண்டியை விரட்டினார்.

அங்கன்வாடிக்குள் முழங்கால் தண்ணீர். சத்துமாவு மூட்டைகள் உப்பி வெடித்து, தண்ணீரே கஞ்சியாகியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பழங்களின் படம் ஒன்று மிதந்து வந்து என் காலில் இடித்தது. குழந்தைகள் ஒருவரும் இல்லை. மேட்டுப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஓடினேன். பத்தொன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். கவின் என்னைப் பார்த்து, “செருப்பு போயிருச்சும்மா” என்று அழுதான். நானும் அவனோடு உட்கார்ந்து, செருப்புக்காக அழுவதுபோல அழுதேன். ஆயா என் தலையைத் துவட்டிவிட்டுச் சொன்னார்: “நீ போட்ட வெள்ளக்கோட்டத் தண்ணி தொட்டுச்சு கண்ணு, நாங்க கொழந்தைங்கள எண்ணி முடிக்கறதுக்குள்ள கோட்டயே காணோம்.”

நல்ல நாள்

முதலாளி மறுநாளே வந்து பார்த்தார். கண் கலங்கினார். கட்டடம் காய்ந்து சரியாகும்வரை குழந்தைகள் தன் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரட்டும் என்றார். புதுச் செருப்பு பத்தொன்பது ஜோடி வாங்கிக் கொடுத்தார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் விசிறி உண்டு, வழுவழு தரை உண்டு. முகூர்த்த நாளில் மட்டும் கல்யாணம் உண்டு, அதனால் அன்றைக்கு அங்கன்வாடி கிடையாது. அந்த நாட்களில் கவினை யாரிடம் விடுவது? வேலைக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறேன். மழை நின்று மாதமாகிறது; அங்கன்வாடிச் சுவரில் இன்னும் ஈரம் ஊறுகிறது, பக்கத்துக் குட்டை வற்றினால்தானே காயும். டீச்சர் ஒருநாள் வருகைப்பதிவேட்டோடு இன்னொரு புத்தகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். என்ன டீச்சர் என்றேன். “பஞ்சாங்கம் கண்ணு. ஊருக்கெல்லாம் நல்ல நாளு வந்தா, எனக்குப் பள்ளிக்கோடம் லீவு.”

குட்டைக் கரையில்

சார் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். குட்டையின் நடுவில் அளவுகோல் ஒன்றை நட்டு, தினமும் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று எழுத வேண்டும். “இனிமேலாச்சும் சரியான எண்ணு நம்மகிட்ட இருக்கட்டும்மா” என்றார். யோசித்துப் பார்த்தால் எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய, இதைவிட உண்மையான சோதனை கிடையாது. ஒரு குட்டையே வளையம். பாய்கூட அடித்து இறக்கத் தேவையில்லை. தினமும் காலையில் போய் எழுதுகிறேன். வெயில் குடிப்பது போக மண் குடிப்பது என்று ஒன்றும் தேறவில்லை. ஒருநாள் கரையோரம் கையை விட்டு அடியைத் தடவினேன். வழவழவென்று ஒரு பூச்சு, நகக்கனம். பத்து வருஷம் என்று நாங்கள் சொன்னதை ஒரே மழை மொழுகிவிட்டுப் போயிருக்கிறது. சாளைக்காரம்மாவே வந்து போனதுபோல.

வெள்ளத்துக்கு அப்புறம் எழுதிய அறிக்கையில் வகுத்துக் காட்டினோம், குட்டையைப் பெரிதாக்கச் சொன்னோம், அடியில் சேற்றை வாரச் சொன்னோம். முதலாளியும் முதலில் சரியென்றார். பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்க ஆள்கூட வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளையும் பெண்ணும் கரையில் நிற்கிறார்கள். கேமராக்காரர் ஒருவர் கல்மேல் மண்டிபோட்டுக் கொண்டு, தண்ணீரில் தெரிகிற மண்டபத்தோடு சேர்த்து அவர்களைப் படம் எடுக்கிறார். ஊரில் இந்தப் பக்கம் வேறெங்கும் தண்ணீர் நிற்கிற இடம் கிடையாதாம்; இந்தக் குட்டைக்காகவே மண்டபத்தைத் தேடி வருகிறார்களாம். முதலாளி வேண்டாமென்று கையைக் காட்ட, பம்புக்காரர் பம்பை மறுபடி வண்டியில் ஏற்றினார். நான் கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு, அளவுகோலைப் படிக்கத் தண்ணீர் ஓரமாக இறங்கினேன். கேமராக்காரர் பதறிப்போய் ஓடி வந்தார்: “மேடம், அந்தக் குச்சிய வேணும்னாப் புடுங்கிக்குங்க, தண்ணிய மட்டும் எறக்கிப்போடாதீங்க. தை முடியற வரைக்கும் புக்கிங் இருக்குதுங்க!”

இந்த மண் எவ்வளவு குடிக்கும் என்பதை அரை நாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியவள், குடிக்கவே குடிக்காது என்பதை இப்போது தினமும் ஒரு வரியாக, ஒரு நாள்கூட விடாமல், கடைசி வரைக்கும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.